குறைந்ததை நிரப்பினால் இளமை திரும்புமா?



அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் போர்ட்லாந்து என்ற ஊர். அங்குள்ள மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் சாக், ஆல்ஃபிரட் லூயி ஆகிய இருவரும் தங்கள் குழுவினரோடு பார்வையை முற்றிலும் இழந்த ஏழு பேரை ஆராய்ந்தார்கள். கண்ணில் வெளிச்சமே படாதவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு தனித் துன்பம் உண்டு. மனித உடலுக்குள் ஓடும் கடிகாரம் சரியாக 24 மணி நேரக் கடிகாரம் அல்ல. பலருக்கு அதைவிடச் சற்று நீளம். நம்முடைய கடிகாரத்தை அன்றாடம் காலை வெளிச்சம் திருத்தி வைக்கிறது. அவர்களுக்கு அந்தத் திருத்தம் கிடைப்பதில்லை. உறக்க நேரம் தினமும் கொஞ்சம் தள்ளிப்போகும். சில வாரங்களில் இரவெல்லாம் விழிப்பு, பகலெல்லாம் தூக்கம். இன்னும் சில வாரங்களில் தானாகவே சரியாகும். பிறகு மறுபடியும் தள்ளிப்போகும். வாழ்நாள் முழுக்க இதே கதைதான்.

அந்த ஏழு பேருக்கும் படுக்கும் நேரத்தையொட்டி 10 மில்லிகிராம் மெலடோனின் கொடுத்தார்கள். ஆறு பேருடைய உடற்கடிகாரம் 24 மணி நேரச் சுற்றுக்குள் வந்து அமர்ந்தது. 2000-ஆம் ஆண்டில் வெளியான இந்த முடிவு மருத்துவ உலகில் பெரிதும் பேசப்பட்டது. ஏழாமவருக்கு மட்டும் மருந்து வேலை செய்யவில்லை. அந்தக் குழுவிலேயே மிக நீளமான கடிகாரம் அவருடையதுதான்: 24.9 மணி நேரம். அதாவது நாளொன்றுக்கு 54 நிமிடம் பின்தங்கும் கடிகாரம். அளவை 20 மில்லிகிராமாக உயர்த்திப் பார்த்தார்கள். பலன் இல்லை. பிறகு அரை மில்லிகிராம் கொடுத்தார்கள். கடிகாரம் பிடிபட்டது!

நாற்பது மடங்கு அதிகமாகக் கொடுத்தபோது கேட்காத உடல், துளியளவு கொடுத்தபோது கேட்டது. ஆய்வாளர்கள் தந்த விளக்கம் இது: அளவு கூடினால் ஹார்மோன் உடலில் நெடுநேரம் தங்கி, கடிகாரத்தை எதிர்த்திசையில் தள்ளும் நேரத்துக்குள்ளும் கசிந்துவிடுகிறது. மாலையில் எடுத்த மெலடோனின் கடிகாரத்தை முன்னே இழுக்கும். காலையில் உடலில் இருக்கும் மெலடோனின் அதையே பின்னுக்குத் தள்ளும். ஒரு கை இழுக்க, இன்னொரு கை தள்ளினால் வண்டி நின்ற இடத்தில்தான் நிற்கும்.

தூக்கத்துக்கும் முதுமைக்கும் இன்று விற்கப்படும் ஹார்மோன்களைப் பற்றிப் பேச வேண்டிய இந்த மாலையில், வேறு எதைச் சொல்வதற்கும் முன்னால் அந்த ஏழாமவரைச் சொல்ல வேண்டியிருந்தது. கடையில் புட்டியைக் கையில் எடுக்கிற எவரும் முதலில் பார்ப்பது மில்லிகிராமைத்தான். மூன்றைவிட ஐந்து நல்லது, ஐந்தைவிடப் பத்து நல்லது என்ற எண்ணம் தானாக வந்துவிடுகிறது. மெலடோனின் விஷயத்தில் அந்த எண்ணம் தவறு.

மூளையின் நடுவே, ஏறத்தாழ ஒரு பட்டாணி அளவில், பீனியல் சுரப்பி இருக்கிறது. இருள் வந்ததும் அது மெலடோனினைச் சுரக்கத் தொடங்கும். சேதி அங்கே போய்ச் சேரும் பாதை மிகச் சுற்றுப் பாதை. விழித்திரையில் படும் வெளிச்சத்தை, உருவங்களைப் பார்ப்பதற்கென்று அமையாத சில தனி நரம்பணுக்கள் உணர்கின்றன. அவை மூளையின் அடிப்பகுதியிலுள்ள உடற்கடிகாரத்துக்குத் தகவல் சொல்கின்றன. அங்கிருந்து சேதி தண்டுவடம் வழியாக மார்பின் மேற்பகுதி வரை கீழே இறங்கி, கழுத்திலுள்ள நரம்பு முடிச்சு வழியாக மறுபடியும் மேலே ஏறி, பீனியலை அடைகிறது. கழுத்துத் தண்டுவடம் அடியோடு துண்டிக்கப்பட்டவர்களுக்கு இந்தப் பாதை அறுந்துபோவதால் இரவில் மெலடோனின் எழுச்சியே காணப்படுவதில்லை.

ஒரு இரவில் நம் உடல் சுரப்பது ஏறத்தாழ 30 மைக்ரோகிராம். ஒரு மில்லிகிராமில் முப்பதில் ஒரு பங்கு. இந்தத் துளி யாரையும் அடித்துப் போட்டுத் தூங்க வைப்பதில்லை. இரவு வந்துவிட்டது என்று உடலெங்கும் அறிவிக்கிறது, அவ்வளவுதான். ஆலைச் சங்கு ஊதினால் ஷிஃப்ட் மாறும் நேரம் தெரியும். சங்கை இன்னும் பலமாக ஊதினால் தறி வேகமாக ஓடாது. எலி முதலிய இரவு விலங்குகளுக்கும் மெலடோனின் இரவில்தான் சுரக்கிறது. அவை அந்த நேரத்தில் தூங்குவதில்லை, இரை தேடுகின்றன.

இந்தப் பொருளைக் கண்டுபிடித்தவர் தூக்கத்தைத் தேடிப் போனவர் அல்ல. 1917-இல் மெக்கார்ட், ஆலன் என்ற இருவர், மாட்டின் பீனியல் சாறு தவளைக் குஞ்சுகளின் தோலை வெளிறச் செய்வதைக் கண்டிருந்தார்கள். அதைப் படித்த ஆரோன் லெர்னர், யேல் பல்கலைக்கழகத்தின் தோல் மருத்துவர், நிறக் கோளாறுகளுக்கு இதில் மருந்து கிடைக்குமா என்று பார்க்க நினைத்தார். இறைச்சிக் கூடங்களிலிருந்து மாட்டு பீனியல்களை ஆயிரக்கணக்கில் வரவழைத்துச் சாறெடுத்து, பல ஆண்டு உழைப்புக்குப் பின் 1958-இல் மெலடோனினைப் பிரித்தெடுத்தார். மனிதத் தோலில் அது ஒன்றும் செய்யவில்லை. பெரிய அளவில் எடுத்துக்கொண்டவர்களுக்குச் சற்றே மயக்கம் வந்தது என்பது மட்டும் பதிவாயிற்று.

தூக்கத்தோடு அதைத் திட்டமாக இணைத்தவர்களில் முக்கியமானவர் எம்.ஐ.டி.யின் ரிச்சர்ட் உர்ட்மன். 1994-இல் அவருடைய குழு, ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கே பகலில்கூடத் தூக்கத்தை வரவழைக்கும் என்று காட்டியது. 2001-இல் ஐரினா ஷ்தானோவாவோடு சேர்ந்து செய்த இன்னொரு ஆய்வு, வயதானவர்களுக்கு நேரடியாகப் பயன்படுவது. ஐம்பது வயதைக் கடந்தவர்கள் 30 பேர். பாதிப் பேருக்குத் தூக்கக் குறை. 0.1, 0.3, 3 என மூன்று அளவுகளில் கொடுத்துப் பார்த்தார்கள். தூக்கக் குறை உள்ளவர்களுக்குச் சிறப்பாக வேலை செய்தது 0.3 மில்லிகிராம். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 3 மில்லிகிராம் அந்த அளவுக்கு உதவவில்லை. உடல் வெப்பத்தைக் குறைத்தது. மறுநாள் பகலிலும் இரத்தத்தில் தங்கியது. காலையில் தலை பாரமாக இருக்கிறது, உடம்பு மந்தமாக இருக்கிறது என்று மெலடோனின் எடுக்கும் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டால் இந்த ஆய்வு நினைவுக்கு வர வேண்டும்.

ஆனால் உலகம் உர்ட்மன் சொன்ன வழியில் போகவில்லை. அதே 1994-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சத்துணவுத் துணைப்பொருள்களுக்கான சட்டத்தை நிறைவேற்றியது. அந்தச் சட்டத்தின் கீழ் வரும் பொருளை விற்பதற்கு முன்னால் அது பலன் தரும் என்று அரசுக்கு நிரூபிக்க வேண்டியதில்லை. மெலடோனின் என்ற ஹார்மோன், வைட்டமின் புட்டிகளுக்குப் பக்கத்தில் அதே அலமாரியில் ஏறியது. மறு ஆண்டு வால்டர் பியர்பவோலியும் வில்லியம் ரெகல்சனும் எழுதிய ‘மெலடோனின் மிராக்கிள்’ என்ற நூல் வந்தது. வயதாகாமல் காக்கும், நோய் வராமல் தடுக்கும் என்றெல்லாம் அது சொன்னது. புட்டிகள் பறந்தன.

அந்த நூலுக்கு அடிப்படை எலிகளில் செய்த சோதனைகள். இளம் எலியின் பீனியலைக் கிழ எலிக்கும், கிழ எலியின் பீனியலை இளம் எலிக்கும் மாற்றி வைத்தார்கள். இளம் சுரப்பி பெற்ற கிழ எலிகள் கூடுதல் காலம் வாழ்ந்தன என்றார்கள். 1995-லேயே ஸ்டீவன் ரெப்பர்ட், டேவிட் வீவர் என்ற இரு அறிவியலாளர்கள் ஒரு குறையைச் சுட்டிக்காட்டினார்கள். சோதனையில் பயன்பட்ட எலி வகைகளுக்குப் பிறவியிலேயே ஒரு மரபுக் குறை உண்டு. அவற்றின் பீனியல் மெலடோனினை உருவாக்குவதில்லை. இல்லாத பொருளை மாற்றி வைத்து எப்படி ஆயுள் கூடும்? இந்தக் கேள்வி எழுந்து முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. கேள்வி ஆய்விதழில் கிடக்கிறது. அந்த நூல் கொடுத்த நம்பிக்கை இன்னும் சந்தையில் உலவுகிறது.

அந்த நம்பிக்கையின் வேர் இன்னும் பழையது. வயதாக ஆக ஒரு பொருள் உடலில் குறைகிறது; ஆகவே அதை நிரப்பினால் வயது குறையும். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. காரணம், சில நோய்களில் இது அப்படியே உண்மை. தைராய்டு சுரக்காதவருக்குத் தைராக்சின் கொடுத்தால் அவர் எழுந்து நடமாடுகிறார். முதல் வகை நீரிழிவில் இன்சுலின் உயிரையே காக்கிறது. சுரப்பி கெட்டுப்போவது நோய். அதை ஈடுசெய்வது மருத்துவம். வயதோடு வரும் இறக்கம் அதே வகையைச் சேர்ந்ததுதானா என்பதைத் தனியாக நிரூபிக்க வேண்டும். நிரூபிக்காமலே விற்ற வரலாறு நீளமானது.

1889 ஜூன் 1 அன்று பாரிஸில், 72 வயதான பிரௌன்-செக்கார் என்ற புகழ்பெற்ற உடலியல் அறிஞர் சக அறிஞர்கள் முன் எழுந்து நின்றார். நாய், கினிப் பன்றி ஆகியவற்றின் விரைச் சாற்றைத் தமக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டதாகவும், இழந்த வலிமை திரும்பிவிட்டதாகவும் அறிவித்தார். சில மாதங்களிலேயே அந்தச் சாறு கண்டம் கடந்து விற்பனையாயிற்று. 2002-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் அவருடைய முறைப்படியே சாறு தயாரித்து அளந்து பார்த்தார்கள். எந்தப் பலனையும் தர முடியாத அளவு சொற்ப ஹார்மோனே அதில் இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. பலன் வரும் என்று நம்பியவருக்குப் பலன் தெரிந்தது. அதனால்தான் யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்பதை மறைத்துச் சோதிக்கும் முறை நமக்கு வேண்டியிருக்கிறது.

நூறாண்டு கழித்து, 1990-இல் டேனியல் ரட்மன் ஓர் ஆய்வை வெளியிட்டார். அறுபது வயதைக் கடந்த 12 ஆண்களுக்கு ஆறு மாதம் வளர்ச்சி ஹார்மோன் ஊசி. கொழுப்பு 14.4 விழுக்காடு குறைந்தது. கொழுப்பல்லாத உடல் எடை 8.8 விழுக்காடு கூடியது. அவ்வளவுதான் ஆய்வு. அதில் வெற்று ஊசி இல்லை. யாருக்கு மருந்து என்பது எல்லோருக்கும் தெரியும். அவர்கள் வலிமை கூடியதா, நன்றாக நடந்தார்களா என்ற கேள்விக்கும் அதில் விடை இல்லை. ஆனால் அந்த ஒரு கட்டுரையைக் காட்டியே இளமை வணிகம் கொழித்தது. 2007-இல் பல சோதனைகளையும் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, சுமார் 2 கிலோ கொழுப்பு குறைந்து ஏறத்தாழ அதே அளவு தசைப்பங்கு கூடியது தெரிந்தது. கூடவே வீக்கம், மூட்டு வலி, மணிக்கட்டு நரம்பு நெரிபடுதல், ஆண்களுக்கு மார்பு பெருத்தல். முதுமையைத் தடுக்கவென்று வளர்ச்சி ஹார்மோனை விநியோகிப்பது அமெரிக்கச் சட்டப்படி குற்றம்.

இதற்கு நேர் எதிரான சாட்சி ஈக்வடார் நாட்டில் கிடைத்தது. அங்கே மலைக் கிராமங்களில் லாரன் குறைபாடு உள்ள பலர் வாழ்கிறார்கள். வளர்ச்சி ஹார்மோன் சொல்வது அவர்கள் உடலுக்குக் கேட்காது. உயரம் மிகக் குறைவு. ஹைமே கெவாரா அகிர்ரே என்ற மருத்துவர் 22 ஆண்டுகள் அவர்களைப் பின்தொடர்ந்து, வால்டர் லோங்கோவோடு சேர்ந்து 2011-இல் வெளியிட்ட முடிவு: ஒருவருக்குக்கூட நீரிழிவு இல்லை. ஒரே ஒருவருக்குப் புற்றுநோய் வந்தது, அதுவும் உயிரைப் பறிக்கவில்லை. அதே குடும்பங்களின் சராசரி உயர உறவினர்களுக்கு இரண்டு நோயும் வந்தன. ஆகவே வயதோடு குறையும் எல்லாமே இழப்புதான் என்று கணக்கெழுதிவிட முடியாது. சில இறக்கங்கள் உடலுக்குக் காப்பாகவும் இருக்கலாம்.

டி.ஹெச்.இ.ஏ. என்ற அட்ரினல் ஹார்மோனின் கதை சுருக்கமானது. இளமையில் உச்சத்தில் இருந்து வயதோடு வெகுவாக இறங்குவது அது. பிரான்ஸின் எத்தியேன் எமில் பொலியூ 2000-இல் 280 முதியவர்களிடம் ஓராண்டு சோதித்து, தோலிலும், முதிய பெண்களின் எலும்பிலும் விருப்பிலும் ஓரளவு பலன் கண்டார். அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஸ்ரீகுமாரன் நாயர் தலைமையில் 87 ஆண்களையும் 57 பெண்களையும் இரண்டு ஆண்டுகள் பார்த்த ஆய்வு 2006-இல் வந்தது. உடல் வலிமை, இன்சுலின் செயல்பாடு, வாழ்க்கைத் தரம் எதிலும் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. இரத்தத்தில் அளவு மட்டும் இளைஞர் அளவுக்கு உயர்ந்தது.

மெலடோனினுக்குத் திரும்புவோம். வயதானால் அது குறைகிறது என்பதாவது எல்லோருக்கும் பொருந்துமா? 1999-இல் பாஸ்டனில் ஜேமி ஸைட்ஸரும் சார்ல்ஸ் ஸைஸ்லரும் நோயற்ற, எந்த மருந்தும் எடுக்காத முதியவர்களை மங்கிய வெளிச்சத்தில் வைத்து இரவு முழுக்க இரத்தத்தை அளந்தார்கள். பெரும்பாலோருடைய அளவு இளைஞர்களுடையதைப் போலவே இருந்தது. அப்படியானால் பல முதியவர்களிடம் காணும் குறைவுக்கு வயது மட்டுமே காரணம் அல்ல; எடுக்கும் மருந்துகளுக்கும் அதில் பங்கு இருக்கலாம்.

இந்த அரங்கில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் பிரஷருக்கோ இதயத்துக்கோ அட்டினோலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரைகள் எடுப்பவர்களாக இருப்பீர்கள். பீட்டா பிளாக்கர் என்ற இந்த வகை, பீனியலுக்குப் போகும் நரம்புச் சேதியின் கடைசிக் கதவை அடைக்கிறது. அதனால் இரவு மெலடோனின் குறைகிறது. ஃபிராங்க் ஷேர் குழுவினர் 2012-இல் இந்த மாத்திரை எடுக்கும் 16 பேருக்கு மூன்று வாரம் 2.5 மில்லிகிராம் மெலடோனின் கொடுத்துப் பார்த்தார்கள். வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிடத் தூக்கம் 36 நிமிடம் கூடியது. சிறிய ஆய்வுதான். ஆனால் காரணம் தெரிந்து, அந்தக் காரணத்துக்குக் கொடுத்த மருந்து பலித்த ஆய்வு. இப்படிப்பட்ட இடத்தில் மெலடோனினை மறுப்பது சரியல்ல.

காரணம் பாராமல் பொதுவாகத் தூக்கமின்மைக்குக் கொடுத்தால்? 19 ஆய்வுகளைத் தொகுத்த 2013-ஆம் ஆண்டுக் கணக்கின்படி தூக்கம் வரும் நேரம் சராசரியாக 7 நிமிடம் முந்துகிறது; மொத்தத் தூக்கம் 8 நிமிடம் கூடுகிறது. அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2017-இல் நாள்பட்ட தூக்கமின்மைக்கு இதைப் பரிந்துரைக்க முன்வரவில்லை. ஐரோப்பா வேறு வழியில் போனது. 55 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, மெல்லக் கரையும் 2 மில்லிகிராம் மாத்திரையை மருந்து என்ற தகுதியில் 2007-இல் அனுமதித்தது. அதிகபட்சம் 13 வாரம். இந்த வழியே மேலானது. மருந்தாக அனுமதிக்கப்பட்ட மாத்திரையில் அட்டையில் எழுதியிருப்பதே உள்ளேயும் இருக்கும் என்று நம்பலாம்.

சத்துப்பொருள் புட்டியில் அந்த உறுதி இல்லை. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் 31 வகை மெலடோனின் பொருள்களைச் சோதித்தார்கள். முடிவு 2017-இல் வெளியானது. அட்டையில் சொன்னதைவிட 83 விழுக்காடு குறைவாக இருந்ததும் உண்டு, 478 விழுக்காடு கூடுதலாக இருந்ததும் உண்டு. கால்வாசிப் பொருள்களில் செரடோனின் என்ற வேறொரு பொருளும் கலந்திருந்தது. 2023-இல் அமெரிக்காவில் மெலடோனின் கம்மி மிட்டாய்கள் 25 வகையைப் பார்த்தபோது 22 வகையின் அட்டை தவறு. ஒன்றில் மெலடோனினே இல்லை.

மிட்டாய் வடிவம் வேறொரு கேட்டையும் கொண்டுவந்தது. குழந்தைகள் மெலடோனினை விழுங்கியதாக அமெரிக்க நஞ்சு உதவி மையங்களுக்கு 2012-இல் வந்த அழைப்புகள் 8,337. 2021-இல் அவை 52,563. அந்தப் பத்தாண்டில் இரண்டு குழந்தைகள் இறந்தன. அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் வாங்கித்தரும் பெரிய புட்டிகள் இன்று நம் ஊர் வீடுகளிலும் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கின்றன. பேரப்பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் அவற்றை எட்டாத உயரத்தில், பூட்டுள்ள இடத்தில் வையுங்கள்.

நீண்ட விமானப் பயணம் போகிறவர்களுக்கு மெலடோனின் உண்மையாகவே கைகொடுக்கும். சென்னைக்கும் கலிஃபோர்னியாவுக்கும் கோடையில் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். நம் பெரியவர்கள் அங்கே போய் இறங்கி ஒரு வாரம் நடுநிசியில் சமையலறை விளக்கைப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஐந்து நேர மண்டலங்களோ அதற்கு மேலோ கடக்கும் பயணத்துக்கு மெலடோனின் பயன்படுகிறது என்பதைப் பத்து ஆய்வுகளில் பெரும்பாலானவை காட்டியதாக 2002-இல் ஹெர்க்ஸ்ஹைமர், பெட்ரி இருவரும் தொகுத்தார்கள். அரை மில்லிகிராமிலிருந்து ஐந்து வரை எதுவானாலும் கடிகாரத்தைத் திருத்துவதில் பெரிய வேறுபாடில்லை. போய் இறங்கிய ஊரின் படுக்கை நேரத்தில் எடுக்க வேண்டும். பகலில் எடுத்தால் உடல் புது நேரத்துக்குப் பழகுவது இன்னும் தாமதமாகும்.

மாதக்கணக்கில் தூக்கம் வராதவர்களுக்கு எதிலிருந்து தொடங்குவது? 2016-இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி முதல் சிகிச்சையாகச் சொன்னது மாத்திரையை அல்ல, தூக்கமின்மைக்கான நடத்தைப் பயிற்சியை. தினமும் ஒரே நேரத்தில் எழுவது, தூக்கம் வராவிட்டால் படுக்கையை விட்டு எழுந்துவிடுவது, படுக்கையில் கிடக்கும் நேரத்தைத் தூங்கும் நேரத்துக்கு அளவாகக் குறைப்பது. முதல் இரண்டு வாரம் கடினம்; தாங்கிக்கொண்டவர்களுக்குப் பலன் நீடிக்கிறது. குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருகிறவர்களுக்கு முதலில் அதைப் பரிசோதிக்க வேண்டும். இரவில் நாலைந்து முறை சிறுநீருக்கு எழுகிறவர்களுக்கு அதன் காரணத்தைத் தேட வேண்டும். இவற்றுக்கெல்லாம் மெலடோனின் மருந்தல்ல.

மருத்துவரிடம் போகும்போது நீங்கள் எடுக்கும் எல்லாவற்றையும், கடையில் நீங்களாக வாங்கிய புட்டியையும் சேர்த்து, பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுக்கிறவர்கள் மெலடோனினைத் தாமாகத் தொடக் கூடாது. மன நோய்க்கான ஃப்ளூவாக்ஸமின் என்ற மருந்து கல்லீரலில் மெலடோனின் சிதைவதைத் தடுத்து, இரத்தத்தில் அதன் அளவைப் பல மடங்கு ஏற்றிவிடும். பீட்டா பிளாக்கர் எடுக்கத் தொடங்கிய பிறகுதான் தூக்கம் கெட்டது என்றால் அதையும் சொல்லுங்கள்; மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாற்று மருந்து போதுமா, சிறிதளவு மெலடோனின் சேர்க்கலாமா, எத்தனை மணிக்கு எடுப்பது என்பதையெல்லாம் அவர் உங்களோடு உட்கார்ந்து முடிவு செய்யட்டும்.